இந்த மாசம் இவங்கதான்

"இன்னுமா அந்தம்மாவோட புத்தகம்?" என்று கணவர் கேட்டார்.

"இந்த மாசம் முழுக்க இவங்கதான். சொன்னேனே." அவள் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"என் வேலையெல்லாம் அப்படியே கிடக்கு."

"கிடக்கட்டும்."

அப்படிச் சொல்வது அவளுக்கே முதல்முறை. ஆனாலும் இறங்கி வர மனமில்லை.

"ஒரே ஆளையே படிச்சா புத்தி மழுங்கிடும். நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"தெரியும். கல்யாணமான நாள்லேருந்து ஒரே ஆளைத்தானே படிச்சிட்டிருக்கேன்."

அவர் எழுதி முடித்திருந்த ஏழாவது நாவல், தாள்கட்டாக அவள் மடியில் வந்து விழுந்தது.

"அச்சுக்குப் போகணும். பிழை திருத்த உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

அவள் கட்டை எடுத்து அவரிடமே நீட்டினாள்.

"ஒருதடவை நீங்களே முழுசாப் படிச்சுப் பாருங்க. அப்பத் தெரியும், நான் பட்ட பாடு."