மூலை நாற்காலிக்காரர்

சவரக் கத்தி யாருடைய கழுத்தருகே போனாலும் முடிதிருத்துபவருக்கு அந்த எண்ணம் வந்துவிடும்: 'ஒரே இழு, அவ்வளவுதான்.' ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர். கை நடுங்கி, தொழிலையே விட்டுவிடலாமா என்றிருந்தார்.

"அதை விரட்டாதீங்க," என்றார் மனநல மருத்துவர். "வந்தா வான்னு ஒரு நாற்காலியில உக்கார வைங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க."

கடையின் மூலை நாற்காலியில் மனதுக்குள்ளேயே அதை உட்காரவைத்தார். நடுக்கம் நின்றது. ஆனால் எவ்வளவு கூட்டமென்றாலும் அந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை, பக்கத்திலேயே நின்றார்கள். மருத்துவர் யாரிடமாவது உளறியிருப்பாரோ என்றுகூடச் சந்தேகப்பட்டார்.

ஒரு காலை, கூட்டமே இல்லாதபோது மச்சான் சவரத்துக்கு வந்தார். முடிதிருத்துபவர் நுரை பூசி, கத்தியை அவர் தொண்டைக்குக் கொண்டுபோனார்.

மச்சான் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்: "என்ன மாப்ளே, சொந்தக்காரன்னு என்னை முதல்ல உக்கார வச்சுட்டீங்களா? அவரு கோவிச்சுக்கப் போறாரு."

"எவரு?"

"மூலையில உக்காந்திருக்காரே, அவருதான்."

முடிதிருத்துபவர் கண்ணாடியில் பார்த்தார். மூலை நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அதன் மெத்தையில் விழுந்திருந்த பள்ளம் மட்டும், ஆள் எழுந்துகொண்டதுபோல, மெல்ல உப்பி மேலே வந்தது.