தேக்கு இலைக்கு அடியில்

ஒரு காட்டில் பிராணிகள் எல்லாம் சேர்ந்து, மழை எப்போது வரும் என்று சொல்லும் மென்பொருள் ஒன்றை எழுதின. அது எல்லோருக்கும் சொந்தம். தப்பு கண்ணில் பட்டால் யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். வருகிற திருத்தங்களைச் சரிபார்த்துச் சேர்ப்பது காகத்தின் வேலை.

ஒருநாள் நத்தை ஒரு திருத்தம் அனுப்பியது. காகம் படிவத்தை எடுத்தது. "ஆணா, பெண்ணா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டுமா!" காகம் போட்ட கூச்சலில் காடே கூடிவிட்டது. எப்படி, எப்போதிலிருந்து, வீட்டில் தெரியுமா என்று சாயங்காலம் வரை கேள்விகள். திருத்தத்தை ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மறுநாள் மென்பொருள் 'நல்ல வெயில்' என்றது. கொட்டிய மழை காகத்தின் கூட்டை அடித்துக்கொண்டு போனது.

அதன் பிறகு நத்தையும், அதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிக் களைத்த மண்புழுவும் உதிர்ந்த தேக்கு இலைக்கு அடியில் தனிக் குழு தொடங்கின.

காகத்துக்குப் பொறுக்கவில்லை. "யாரு என்னன்னா நாம பாக்கறோம்? வேலையைத்தானே பாக்கறோம்! தனிக் குழு எதுக்கு?" என்று முணுமுணுத்தபடி போய் ஒட்டுக்கேட்டது. நாற்பதாம் வரியில் ஈரப்பதக் கணக்கு எங்கே தப்புகிறது என்று உள்ளே காரசாரமான விவாதம். ஒரு மணி நேரமாகியும் வேறு பேச்சே இல்லை.

காகம் பொறுமையிழந்து தலையை நுழைத்தது. "ஏன், உங்களைப் பத்தி ஒண்ணுமே பேச மாட்டீங்களா?"

"அதைத்தான் அங்கே தினமும் பேசறோமே" என்றது நத்தை. "மழையைப் பத்திப் பேசத்தான் இங்கே வந்தோம்."

"நியாயம்தான்" என்று காகம் தலையாட்டியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா ஒண்ணு கேக்கணும், தப்பா நினைக்காதீங்க..." என்றது.

மண்புழு இலையை இழுத்து மூடிக்கொண்டது.