முள்ளுக்கு அஞ்சாத டயர்

மாரி மழை வாவியையே வாரிக்கொண்டு வந்து ஏறாவூர்க் கடைத்தெருவில் கொட்டுகிறது. ஜவ்பரின் சைக்கிள் கடைக்குள், ஒற்றை பல்பின் மஞ்சள் வெளிச்சத்தில், பிரசவம் பார்க்கும் மருத்துவமாது மங்கையற்கரசி அவரைப் பார்க்கிற பார்வையில் ஒரு மூடை நெல் அவியும். வயல்வட்டைக்கு அப்பால் ஒருத்தி நிறைமாத வயிற்றோடு இவளை நம்பிக் கிடக்கிறாள்; நேற்று அந்த வரம்புப் பாதையில் உடைமர முள் ஏறி, சைக்கிளை உருட்டிக்கொண்டே மூன்று கட்டை தூரம் நடந்தாள் இவள். "இதில முள்ளே ஏறாது மிஸ்ஸி. பூப்போல மிதிக்கலாம்," என்று பளபளக்கும் மெல்லிய டயரைத் தள்ளுகிறார் ஜவ்பர். "மேல தொங்குற தடிச்ச மொத்த டயர இறக்குங்க நானா." "அது மாடு இழுக்கிற பாரம். பொம்புளைக்குச் சரிவராது." "புள்ள பெறுற பாரத்த விடவா?" ஜவ்பரின் மூக்கு விடைத்துக் கடையிலிருந்த காற்று முழுவதையும் இழுக்கிறது. "என்ட சைக்கிள்லயும் இதான் கிடக்கு. ஆறு மாசமா ஒரு ஓட்டை இல்ல!" அவள் கைப்பையைத் திறந்து நேற்றுப் பிடுங்கிய முள்ளை எடுக்கிறாள். விரல் நீளம், மிதித்தால் யானையும் படுத்துவிடும். வாசலில் நிற்கும் அவருடைய சைக்கிளின் முன்சில்லில், ஊசி போடுகிற பக்குவத்தோடு ஏற்றி, இழுக்கிறாள். மழை இரைச்சலையும் மீறிச் சீறுகிறது காற்று. சில்லு சப்பையாகும்வரை இருவரும் முறைத்துக்கொண்டே நிற்கிறார்கள். பிறகு ஜவ்பர் கொக்கத்தடியால் மொத்த டயர் இரண்டை இறக்கி மேசையில் அறைகிறார். மூன்றாவதையும் இறக்கி, அவள் பக்கம் திரும்பாமலே, தன் சைக்கிளில் சாய்த்துவைக்கிறார்.