டாரியேல் மாமாவுக்கு ஒரு வாழ்த்து

"வாழ்த்துன்னா மனசுலேர்ந்து வரணும்டா! மெஷின்லேர்ந்தா வரும்?"

எங்கள் குட்டாயிசி ஊரில் கல்யாண விருந்து. உறுமியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் டாரியேல். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

விருந்தை நடத்தும் தமதா, ஒவ்வொரு விருந்தாளியைப் பற்றியும் நாலு வார்த்தை வாழ்த்திச் சொன்ன பிறகுதான் எங்கள் ஊரில் ஒயின் கோப்பையைத் தொடுவோம். அதற்கு ஞாபகசக்தி வேண்டும், நாக்கு வேண்டும். இன்றைய தமதாவான இந்த மல்காஸ் பயலோ கைபேசியை ஒயின் ஜாடிமேல் சாய்த்து வைத்திருந்தான். மேசையில் யார் என்ன பேசினாலும் அது காது கொடுத்துக் கேட்டு, இணையத்தில் தேடி, விவரத்தைத் திரையில் போட்டுவிடும். இவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு அளந்து விடுவான். வெட்கக்கேடு!

எத்தேரி அத்தை, தான் கச்சேரி பாடிய காலத்தைப் பேச்சுவாக்கில் சொன்னாள். 1987-ல் அவள் வாங்கிய பரிசு உடனே வாழ்த்தில் வந்தது. அத்தை அழுதே விட்டாள்.

அடுத்து மாமாவின் முறை. "வெள்ளத்தப்ப மீட்புப் படைக்கு நான்தான் தலைவர். கூரை மேல தவிச்ச பதினோரு பேரை..." என்று அவர் அரைமணி நேரம் முழங்கியிருந்தார்.

மல்காஸ் எழுந்தான். "டாரியேல் மாமா தோட்டத்து ஒயின் மாதிரி இந்த ஜில்லாவுலயே கிடையாது. மாமா நல்லா இருக்கணும்!"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான்.

"ஒயினா?" மாமாவின் முகம் சிவந்தது. "பாட்டுப் பாடினவளுக்குப் பரிசு வரைக்கும் தேடத் தெரியுது. பதினோரு உசிரைக் காப்பாத்தினவனுக்கு வெறும் ஒயினா? குடுடா அதை, நானே படிக்கிறேன்!"

"வேணாம் மாமா..."

பிடுங்கிவிட்டார். நன்றாக வேண்டும் பயலுக்கு என்றுதான் நானும் நினைத்தேன்.

"எல்லாரும் கேளுங்க!" என்று ஆரம்பித்த மாமாவின் வாய் அப்படியே நின்றது.

பக்கத்தில் இருந்த என் கண்ணிலும் திரை பட்டது. மாமாவின் படம். மேலே பழைய செய்தித் தலைப்பு: 'பதினோரு பேரைக் கூரையில் தவிக்கவிட்டுப் படகில் தப்பிய மீட்புப் படைத் தலைவர் பணிநீக்கம்.' வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, தன் கதையை அவரே நம்பிவிட்டார் போலும்.

"படிங்க மாமா!" என்று கத்தினாள் மணப்பெண்.

மாமா கைபேசியை மார்போடு கவிழ்த்துக்கொண்டார்.

மல்காஸ் கைபேசியை மெல்ல வாங்கிக்கொண்டு, மேசை முழுக்கக் கேட்கும்படி சொன்னான்:

"மன்னிச்சுக்குங்க மாமா. சிக்னலே கிடைக்கல, உங்களைப் பத்தி ஒண்ணுமே வரல. அதான் ஒயினோட நிறுத்திட்டேன்."