நடுச்சுவர்

டாக்டர் இடது மூக்குத் துளைக்குள் டார்ச் அடித்தார். வெளிச்சம் வலது துளை வழியாக வெளியே வந்து வினோதனின் மேலுதட்டில் விழுந்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவி தமயந்தி குனிந்து பார்த்தாள்.

"கோகெய்ன் நடுச்சுவரையே அரிச்சுத் தின்னுடுச்சும்மா. இனிமே அதைத் தொட்டா மூக்கே உட்கார்ந்துடும்."

சைனஸ் என்று அவன் சொன்னதை நம்பி, பாவி, தினமும் ஆவி பிடிக்க வெந்நீர் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வராந்தாவில் ஆப்பிள் பையோடு நின்றான் கிளமென்ட், வினோதனுக்கு இதைப் பழக்கிவிட்ட சிநேகிதன்.

"அவன் உடம்புவாகு அப்படி அண்ணி. நானும் கூடவே உக்காந்து அதே அளவுதானே இழுத்தேன்? எனக்கு என்ன ஆச்சு?"

தமயந்தி செல்போன் டார்ச்சைப் போட்டாள். "நிமிரு."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தான். அவன் தாடையைப் பிடித்து இடது துளைக்குள் அடித்தாள். வலது துளை இருட்டாகவே இருந்தது. உள்ளே சுவர், ஒரு சின்னப் புண்கூட இல்லாமல், பச்சைப்பிள்ளை மூக்கு மாதிரி பளபளத்தது.

"கொடுத்தது மட்டும்தானா? ஒரு தடவையாவது நீ இழுத்திருக்கியாடா?"

அவன் முகத்தைத் திருப்பப் பார்த்தான். அவள் தாடையை விடவில்லை.