ரெண்டு ரைட்டர்

"ஏம்ப்பா, இந்த நாடகத்தை எழுதுன ரைட்டர் நீதானா?"

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இருளப்பசாமி கேட்டதும் மாரிசாமி தலையை மட்டும் ஆட்டினான்.

எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. ராஜபாளையத்துல பஸ் ஏறினா ஸ்ரீவில்லிபுத்தூர் போறதுக்குள்ள எங்கயோ இருக்குன்னு வச்சுக்குங்க. வருஷம் எண்பத்தேழு.

மாரிசாமிக்கு மில்லுல வேலை. ஷிப்ட் முடிஞ்சதும் எட்டுப் பேரைச் சேத்துக்கிட்டு மூணு மாசமா ஒத்திகை. நோட்டீஸ் கூட அடிச்சாச்சு. இனி ஸ்டேஷன்ல அனுமதி கெடைக்கணும். நாடக நோட்டைக் குடுத்து ஒரு வாரம் ஆச்சு.

கதை இம்புட்டுதான்: எருமை களவு போன ஒரு பொம்பள ஸ்டேஷனுக்கு நடையா நடக்கா. ரைட்டர் அவ மனுவைக் கையால கூடத் தொடலை.

அவ மாரிசாமியோட அக்கா பெத்தம்மாள்தான். அவளை வெரட்டி விட்டது இதே இருளப்பசாமிதான். நாடகத்துல ரெண்டு பேர் பேரையும் மாத்திட்டான், அவ்வளவுதான்.

ரைட்டர் வேஷம் போட ஒருத்தனும் வரலை. கெஞ்சிக் கூத்தாடி சமுத்திரத்தைப் பிடிச்சான். நோட்டு ஸ்டேஷனுக்குப் போன அன்னைக்கே அவன் காய்ச்சல்னு இழுத்துப் போத்திப் படுத்துட்டான்.

"ஸ்டேஷனைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாம எழுதியிருக்க."

"ஐயா, எதும் தப்பா இருந்தா..."

"இருந்தாவா? செவப்பு மையில திருத்தி வச்சிருக்கேன். அதை அப்படியே போடணும். ஒரு வரி மாறுனாலும் எனக்குக் கெட்ட கோவம் வரும். கெளம்பு."

நோட்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு மாரிசாமி வீட்டுக்கு வந்தான். அக்கா பட்ட அவமானத்தை ஊரு முன்னால சொல்லணும்னு எம்புட்டு ஆசையா எழுதினான். அம்புட்டும் போச்சு.

"சோறு ஆறுது, வந்து உக்காருல" என்றாள் பெத்தம்மாள்.

அவன் நோட்டைப் பிரிச்சான். பக்கம் பூரா செவப்பு.

ஆனா ஒரு வசனத்தைக் கூட வெட்டலை.

'நாளைக்கு வா' என்று ரைட்டர் சொல்லும் இடத்தில், 'ஒரு குயர் பேப்பரும் கார்பனும் வாங்கிட்டு வா என்று சேர்க்கவும். அப்படித்தான் சொல்வது வழக்கம்' என்று எழுதியிருந்தது.

'மூணு நாள் நடந்தேன்யா' என்று அவள் அழும் இடத்தில், மூணை அடிச்சு அஞ்சுன்னு போட்டிருந்தது.

மாரிசாமி நிமிர்ந்தான். "அக்கா, ஸ்டேஷனுக்கு எத்தனை நாள் போன?"

"அதான் சொன்னேனே, மூணு நாள்."

"நெசத்தைச் சொல்லுக்கா."

அவள் குழம்புச் சட்டியைக் கிண்ட ஆரம்பிச்சாள்.

"அஞ்சு. முழுசாச் சொன்னா நீ சண்டைக்குப் போயிருவன்னு மறைச்சேன். ஒனக்கு யாருல சொன்னா?"

மாரிசாமி கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் ஸ்டேஷன் சீலும் இருந்தன. அனுமதி கெடைச்சிருச்சு.

அதுக்குக் கீழே மறுபடியும் செவப்பு மை:

'சமுத்திரத்துக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். நாடகத்துக்கு முந்தின நாளோடு எனக்கு ரிட்டயர்மெண்ட். ரைட்டர் வேஷத்துக்கு நானே வாரேன். பேப்பரும் கார்பனும் என் செலவு.'