கறுப்புப் பட்டைகள்

ஸ்டோர் ரூமுக்குள் நுழைந்ததும் ஜெஸ்லின் கதவைச் சாத்தப் போனாள்.

“ஏனுங்க, சாத்தாதீங்க. உள்ள தாப்பாளே இல்லீங்க, வெளியிலதான் இருக்குது,” என்றாள் பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் பாப்பாத்தி. சொல்லிவிட்டு, களத்தில் காயும் காப்பிக்கொட்டையை அள்ளப் போய்விட்டாள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

நாகலூருக்கு மேலே இருக்கும் இந்த எஸ்டேட் பங்களாவில்தான் ஓவியர் கமலவேணி வாழ்ந்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம், முதலாளியின் மனைவியாக வந்தவர்.

அவர் வரைந்ததெல்லாம் ஒரே காட்சி. சாப்பாட்டு அறை, நீல நாற்காலிகள். ஆள் கிடையாது. படத்தின் இரு ஓரங்களிலும் அகலமான கறுப்புப் பட்டை.

அந்தப் பட்டைகளைப் பற்றித்தான் ஜெஸ்லினின் ஆய்வு. வீடு என்பது பெண்ணைச் சுற்றிப் போடப்பட்ட படச்சட்டம், கமலவேணி அதற்கு வெளியே நின்று தன்னைத் தேடினார் என்று எழுதியிருந்தாள். சென்னைக் கருத்தரங்கில் கைதட்டினார்கள். இப்போது அது புத்தகமாகப் போகிறது.

அட்டைக்குப் போட்டோ எடுக்க வந்தாள். சாப்பாட்டு அறையில் எங்கே நின்றாலும் ஓவியத்தின் கோணம் வரவில்லை. பின்னால் நகர நகர, பலகைச் சுவர் முதுகில் இடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கேட்டாள். பாப்பாத்தி இந்த அறையைத் திறந்துவிட்டாள்.

பலகைகளுக்கு நடுவே ஒரு பிளவு. ஜெஸ்லின் கண்ணை வைத்தாள்.

மேசை, நாற்காலிகள், சன்னல். ஒவ்வொன்றும் ஓவியத்தில் இருந்த இடத்தில் இருந்தது. இரண்டு பக்கமும் பலகையின் விளிம்பு, கறுப்பாக.

கமலவேணி வெளியே நின்றிருக்கவில்லை.

ஜெஸ்லின் திரும்பிக் கதவைப் பார்த்துக்கொண்டாள். திறந்துதான் இருந்தது.

செல்போன் வெளிச்சத்தில் பலகையைப் பார்த்தாள். பிளவைச் சுற்றிலும் தூரிகை துடைத்த கறைகள். முழங்கால் உயரத்தில் இருந்த நீலக் கறைகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. மண்டியிட்டாள்.

விரல் தடங்கள். அவள் சுண்டுவிரலை வைத்தாலே மறைந்துபோகும் அளவு.

கமலவேணிக்குப் பிள்ளை இருந்ததாக யாரும் எழுதியதில்லை.

தடங்களுக்கு நடுவே சின்ன ஓட்டை ஒன்று. தேய்ந்து தேய்ந்து விளிம்பு வழவழவென்று இருந்தது. அதில் கண்ணை வைத்தாள்.

ஒன்றும் தெரியவில்லை. செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். அந்த ஓட்டையை மட்டும், சாப்பாட்டு அறைப் பக்கமிருந்து தகரம் வைத்து ஆணி அடித்திருந்தார்கள்.